ரங்கூனில் கடைசி வாரம்

அறுபதுகளில் ஒரு நாள், திண்டுக்கல்லிலிருந்து சித்தையன்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய தங்கையை அக்கா ஊருக்கு அழைத்துப் போகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது. தங்கையின் பிள்ளைகள் இருவரும் ஜன்னலோரம் தூங்கினார்கள்.

“கடை போனதே நல்லதாப் போச்சுக்கா” என்றாள் தங்கை.

அக்கா பதறிவிட்டாள். “என்னடி பேசுற? சர்க்காரு எடுத்துக்கிட்டது பதினோரு வருச உழைப்பாச்சே!”

“அந்தப் பதினோரு வருசத்துல ரங்கூன்ல நான் என்னத்தப் பாத்தேன்? சாவியக் குடுத்த மறுநாளுதான், ‘கெளம்பு, ஊரச் சுத்திப் பாப்போம்’னாரு எங்க வீட்டுக்காரரு. அந்த நாட்டுச் சுதந்திரத்துக்குப் பாடுபட்ட தலைவரு வீட்ட, அவரு செத்த பொறவும் அப்பிடியே வச்சிருக்காக. புஸ்தகம், கோட்டு, புள்ளைக படுத்த கட்டில் எல்லாம் இருக்கு. அந்தக் கட்டிலப் பாத்துட்டு இவரு நகரவே இல்ல. ‘நம்ம புள்ளைக தூங்குன பொறவுதான தெனமும் வீட்டுக்கு வந்தேன்’னு கண்ணத் தொடைக்கிறாரு.”

“பொறவு?”

“புத்தர் கோயிலுக்குப் போனோம். கோபுரம் பூராத் தங்கம். வெயில்ல தரைக்கல்லு காலச் சுட்டுச்சு. எல்லாரும் பாக்க எங் கையப் புடிச்சு நெழலுக்கு இழுத்துட்டு ஓடுனாரு. ரெண்டு பேரும் அம்புட்டுச் சிரிச்சோம்க்கா.”

அவர் அடுத்த கப்பலில் வருகிறாராம்.

“வந்து என்ன செய்வாராம்?”

“இங்கனயே கடை வைக்கப்போறாராம்.”

“மறுபடியும் கடையா?”

“ஆமா. ஞாயித்துக்கெழம பூட்டிருவேன்னு, கப்பலேறும்போது எங் கையில குடுத்த காயிதத்துல எழுதிருக்காரு. அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்காரு.”