பாட்டிலுக்குள் லித்தியம்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டுக்காரர் ஒரு தண்ணீர் பாட்டிலைக் குழந்தை மாதிரி மடியில் அணைத்து வைத்திருந்தார். பக்கத்திலிருந்த அவர் மச்சான் அதற்குக் கை நீட்டினார்.

“தொடாதே. இதுல பேட்டரி கீது.”

“இன்னா மாமா சொல்றே?”

“நம்ம போர் தண்ணிடா. உப்புக் கரிக்குதுன்னு நெலத்தையே விக்கப் பாத்தேனே, அதான். ஆஸ்திரேலியாவுல பாறைய ஒடைச்சி பேட்டரிக்கு லித்தியம் எடுக்கறான். சிலியில பூமிக்கடியில கீற உப்புத் தண்ணிய பாத்தி கட்டி, மாசக்கணக்குல வெயில்ல காய வெச்சி எடுக்கறான். டெஸ்டுக்கு எடுத்துக்கினு போறேன்.”

“அப்ப மரக்காணத்துல உப்பு வாரறவன்லாம் கார்ல போவணுமே?”

“அது கடல் தண்ணி. அதுல ரொம்பக் கம்மி.”

“வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் பண்ண வர்றவருக்கு இன்னா சொன்னே?”

“நெலம் விக்கறதுக்கில்லன்னு நேத்தே சொல்லிட்டேன்.”

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். அப்போது மாமாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவர் மனைவியின் குரல் பஸ்ஸுக்கே கேட்டது.

“தண்ணி குடிச்சியா? வெயில்ல போற ஆளு உப்புத் தண்ணிய ரொப்பி வெச்சிகினு கீறே. அத்த முருங்க மரத்துக்கு ஊத்திட்டு, கேன் தண்ணி ரொப்பி வெச்சேன்.”

“அக்கா புண்ணியத்துல இனிமே முருங்கக்காய்லயே பைக் ஓட்டலாம் மாமா.”

மாமா பாட்டிலை மச்சான் கையில் திணித்துவிட்டு எழுந்தார்.

“எறங்குடா. தண்ணி போனா இன்னா, மரத்தடியில மண்ணு கீதுல்ல? ஆஸ்திரேலியாக்காரன் அப்டிதான எடுக்கறான்!”