ஜொவெலின் அடித்த ஆணி

வானத்தையும் பூமியையும் தாங்கி நிக்கிற பிதாவே, சுதனே, பரிசுத்த ஆவியே, என் வாய்க்கு நீங்களே காவலா இருங்க. சாமி, ஆசீர்வாதம் குடுங்க, பாவசங்கீர்த்தனம் பண்ண வந்திருக்கேன். ஆமா சாமி, நாலாம் வகுப்பு டீச்சர் சல்வசியோன்தான். நீங்க விட்ட பெருமூச்சு வலைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு.

இருக்கு சாமி, பாவம் இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன்.

ஆமா, டீச்சருங்க சங்கத்து விஷயந்தான், ஒளிக்கல. பேசறதுக்கு இது இடமில்லையா? சரி, வேற எந்த இடம் குடுத்தீங்க? பங்குச் சாமியாரும் நீங்கதான், பள்ளிக்கூடத் தாளாளரும் நீங்கதான். ஆபீசுக்கு வந்தா, சாமி மணிலா போயிருக்கார்னு உங்க கிளார்க் நோர்மா சொல்றா. அவ சொல்லும்போதே உள்ள நீங்க இருமறீங்க.

எந்திரிக்காதீங்க சாமி. நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு, வெளிய வரிசை நிக்குது. பாதியில எந்திரிச்சுப் போனா சனங்க என்ன நெனைக்கும்?

நாங்க என்ன பெருசா கேட்டுட்டோம்? மூணு வருஷம் பாடம் எடுத்த டீச்சருக்கு வேலையை நிரந்தரமாக்குங்க. யாரையாவது நிறுத்தணும்னா காரணம் சொல்லுங்க, அவ பதிலையும் கேளுங்க. அவ்வளவுதான். மூணு வருஷம் முடிஞ்சா நிரந்தரம்னு சட்டமே இருக்கு. அதனாலதான மூணாவது வருஷம் முடியறதுக்குள்ள, மார்ச் மாசமே, ஒப்பந்தம் தீர்ந்துச்சு போயிட்டு வாம்மாங்கறீங்க? ஜூன்ல புதுசா ஒருத்தி வந்து நிப்பா. அவளுக்குக் கரும்பலகை எந்தப் பக்கம்னு நான் காட்டணும்.

முதல் தடவ பேச்சுவார்த்தைக்கு உக்காந்தப்போ ஜெபத்தோட ஆரம்பிச்சீங்க, ஜெபத்தோட முடிச்சீங்க. நடுவுல இலையில சுத்தின சுமன் பலகாரமும் காப்பியும் வந்துச்சு, பதில் வரல. ரெண்டாவது தடவ, நாமெல்லாம் ஒரே குடும்பம்னீங்க. எந்தக் குடும்பத்துல சாமி, மார்ச்ல ஒரு பிள்ளைய வெளிய அனுப்பிட்டு ஜூன்ல வேற பிள்ளைய உள்ள கூட்டிக்குவாங்க? மூணாவது தடவ நீங்களே வரல, வக்கீலை அனுப்பினீங்க. அந்த மனுசன் கோப்பைத் திறக்கவேயில்ல, கடிகாரத்தையே பாத்துட்டிருந்தார்.

கோவமா? ஆமா, கோவந்தான். அதையும் பாவத்துல சேத்துக்கோங்க.

எனக்கென்ன கவலையா? எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு முன்ன இருந்த சாமியே எனக்கு நிரந்தரம் குடுத்துட்டார். ஒண்ணாம் வகுப்பு ஜொவெலினுக்காகத்தான் கேக்கறேன். இதோட அவளுக்கு மூணாவது வருஷம் முடியுது. எரிமலைச் சாம்பல் கொட்டின அன்னிக்குப் பிள்ளைங்க மூஞ்சில ஈரத்துணி கட்டி, வீடு வீடாக் கொண்டுபோய் விட்டவ. போன பெரிய வியாழன்ல பாதம் கழுவற சடங்குக்கு அவளையும் உக்கார வெச்சு, அவ காலைக் கழுவி முத்தம் குடுத்தீங்களே, ஞாபகமிருக்கா? நான் பின்னாடி நின்னு அழுதேன். அந்தக் காலு ஜூன்ல எந்தப் பள்ளிக்கூட வாசப்படி ஏறி வேலை கேக்கும்னு யோசிச்சீங்களா?

அவ வகுப்புக்கு வந்து பாருங்க. பிள்ளைங்க வரைஞ்ச படமெல்லாம் காகித டேப்புல ஒட்டியிருக்கும். காத்தடிச்சா விழும், திரும்ப ஒட்டுவா. ஏம்மா, ஒரு ஆணி அடிச்சு மாட்டக்கூடாதான்னு கேட்டேன். மார்ச்ல கழட்ட இதுதான் சுலபம் மேம்னு சிரிச்சா. அந்தச் சிரிப்புக்கப்புறம் எனக்கு ஜெபமாலை கையில நிக்கல சாமி.

சரி சரி, பாவத்துக்கு வரேன். பொய் சொன்னேன்.

நேத்து சங்கத்துக் கூட்டம். எல்லாரும் தலையத் தொங்கப்போட்டு உக்காந்திருந்தாங்க. சாமி என்ன சொன்னார் மேம்னு ஜொவெலின் கேட்டா. ஒண்ணும் சொல்லலன்னு சொல்லத்தான் எந்திரிச்சேன். சாமி ஒத்துக்கிட்டார்னு வாயில வந்துச்சு. பெரிய வியாழனுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுடுவார்னும் சேத்துச் சொன்னேன். கைதட்டுனாங்க சாமி, உங்க பேரைச் சொல்லிக் கைதட்டுனாங்க.

உண்மையிலேயே அப்படிச் சொன்னேனாவா? சொன்னேன் சாமி. எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு, அது பொய்னு சொல்லிடலாம்னுதான் இன்னிக்குக் காலையில போனேன். ஒண்ணாம் வகுப்புல சத்தம் கேட்டுச்சு. கோயில்பிள்ளைகிட்ட சுத்தியல் வாங்கிட்டு வந்து ஜொவெலின் ஆணி அடிச்சிட்டிருந்தா. வாயில இன்னும் நாலு ஆணி. என்னைப் பாத்ததும் தலைய மட்டும் ஆட்டுனா. வாசல்லயே நின்னேன், திரும்பி வந்துட்டேன்.

மனஸ்தாபமா? பொய் சொன்னதுக்கு இருக்கு சாமி. பாவமன்னிப்புக் குடுங்க, எந்த அபராதம் சொன்னாலும் முட்டிபோட்டுச் செய்றேன். ஆனா ஆணியப் புடுங்கச் சொல்லாதீங்க, அது என் கையால ஆகாது. அந்தப் பொய்யை மெய்யாக்கற கை இந்தப் பக்கம் இல்ல.

இதோ, முடிச்சுட்டேன். எந்திரிக்கறேன்.

எனக்கு அடுத்தா? ஜொவெலின்தான். அவளுக்குப் பின்னாடி நிக்கிறதும் நம்ம டீச்சருங்கதான், வரிசை மாதா பீடம் வரைக்கும் போகுது. பாவம் சொல்ல வரல சாமி. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ஒவ்வொருத்தரா வந்திருக்காங்க.

இந்த வலைக்கு அந்தப் பக்கம் பொறுமையாக் கேட்ட காதுக்கும், இனிமே இதை எங்க யார் கேட்டாலும் அவங்க காதுக்கும், ஆண்டவர் நல்ல மனசையும் நிம்மதியான தூக்கத்தையும் குடுக்கட்டும். ஆமென்.