கனடா விலாசத்தில் விற்ற வாள்

"நான் வாள் வித்ததுக்கு அண்ணையைப் பிடிக்கப் போறாங்கள், மச்சாள்."

உடுப்பிட்டியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். இளையவள் இப்படிச் சொன்னதும் நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தேன்.

"என்ன வாள்?"

"கொம்பியூட்டர் கேமிலை வாற வாள். ஒன்லைனிலை விக்கிறனான். அந்தத் தளம் வரிப் படிவம் கேட்டது. வெளிநாட்டு விலாசமெண்டால் மதிப்பெண்டு நினைச்சு, அண்ணையின்ரை கனடா விலாசத்தைக் குடுத்திட்டன். உடனை கனடா வரி இலக்கம் கேட்டிட்டாங்கள். இனி என்ரை வரி அண்ணையின்ரை தலையிலைதான் விழும்."

"உமக்கென்ன விசரே? எங்கடை விலாசத்துக்கு என்ன குறை?"

"நேற்று எங்கடை விலாசத்தைப் போட்டுப் புதுப் படிவம் அனுப்பினனான். இன்னும் பதிலில்லை."

பஸ் வல்லை வெளியைக் கடக்கையில் அவளுடைய போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள்.

"மச்சாள்! புதுப் படிவத்தை ஏற்றுக்கொண்டிட்டாங்கள். இனி வரியெல்லாம் என்ரை பேரிலை, இஞ்சைதான். கனடாவுக்கு ஒண்டும் போகாது."

"அப்பாடா! அண்ணைக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லும். அந்தாளும் நிம்மதியா இருக்கட்டும்."

"அவர் நிம்மதியாத்தான் இருக்கிறார், மச்சாள். அவருக்கு இது ஒண்டும் தெரியாது."