மிச்சம் பதினொரு பக்கம்

மாலை ஆறரை. திகனயிலிருந்து தெல்தெனிய போகும் வீதியை விட்டு இறங்கி, நீர்த்தேக்கத்தை நோக்கிச் சரியும் மண்பாதை. மழை விட்டிருந்தது... ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

நெருங்கி உட்காருங்கள். என்னோடு வேலை செய்யும் தர்ஷிகாவின் அண்ணன் அஜந்தனுக்கு நடந்தது இது.

அவர்களுடைய அப்பா லெட்சுமணன், மடுல்கெல்லவில் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாழ்க்கையை எழுதி, இருந்த ஒரே பிரதியைக் கண்டியில் பதிப்பாசிரியர் பொன்னுத்துரையிடம் கொடுத்திருந்தார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல். புத்தகமாகவும் வரவில்லை, திரும்பியும் வரவில்லை. இப்போது அப்பா ஆஸ்பத்திரியில், கடைசிக் கட்டம்.

"அந்தக் கடதாசிக் கட்ட ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டுப் போறேன்ப்பா" என்றார் அஜந்தனிடம்.

பொன்னுத்துரை இறந்து மூன்று மாதம். அந்த மண்பாதை முடிவில் இருந்த அவர் வீட்டுச் சாவி, பக்கத்து வீட்டு ஷிஹாப் நானாவிடம். அஜந்தன் கேட்டுப் போனான்.

"மஹ்ரிபு தொழுகைக்குப் பொறகு நான் உள்ளுக்கு வர மாட்டேன் தம்பி."

"பேய்க்குப் பயமா நானா?"

"பேய் என்னத்துக்கு? கடதாசிப் பூச்சி கடிக்கும்." சிரிக்காமல் சொன்னார்.

உள்ளே பசை வாசம். ஈரக் கடதாசி. அலுமாரி முழுக்க நூலால் கட்டிய கட்டுகள். அப்பாவுடையது அதில் இல்லை. மேசையில், பிரித்து வைத்திருந்தது.

பொன்னுத்துரைக்கு ஒரு வழக்கம். எழுதியவரை எதிரே உட்காரவைத்து, வரிவரியாகக் கேட்டுத்தான் திருத்துவார். முடிந்த பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் திகதி. முதல் முப்பது பக்கம், தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. முப்பத்தோராம் பக்கம்... போன கிழமை. புரட்டினான். நேற்று. இன்று. விரலில் மை ஒட்டியது.

அதற்குப் பிறகு பதினொரு பக்கங்களில் திகதி இல்லை.

கர்... கர்... பேனா முள் கீறும் சத்தம். கதிரையில் யாரும் இல்லை.

போன் அடித்தது. தர்ஷிகா.

"அண்ணே, அப்பா ஒரு கெழமையா தூக்கத்துல யாருக்கோ பதில் சொல்றாருல்ல... இப்ப ரொம்ப வேகமா சொல்றாரு."

போனில், அவளுக்குப் பின்னால் அப்பாவின் குரல். "அத வெட்டிருங்க ஐயா... செல்லாயி பேரு இருக்கட்டும்... இன்னும் எத்தன பக்கம்?"

பக்கம் முடிந்தால் அப்பாவும் முடிந்துவிடுவார். அஜந்தனுக்கு அப்படித்தான் பட்டது. பதினொன்றையும் வாரிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான்.

அப்பா அன்றிரவு சாகவில்லை. அடுத்த நாளும் இல்லை. வலி மட்டும் ஏறியது. தண்ணீர்கூட இறங்கவில்லை. "அடுத்தது ஐயா... அடுத்தது" என்று கேட்டுக்கொண்டே கிடந்தார்.

தர்ஷிகா அழுதாள். "கொண்டுபோய் வச்சிருண்ணே. அவரு போகட்டும்."

"ஒனக்கு அப்பா வேணாமா?"

ஒன்பதாம் நாள் விடியற்காலை டொக்டர் வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வெகு நேரம் அதை எடுக்கவில்லை. பிறகு நேரத்தைக் குறித்தார். முகத்தை மூடினார்கள்.

அஜந்தன் பைக்குள் கைவிட்டுப் பார்த்தான். பதினொன்றும் இருந்தன.

துணிக்குக் கீழிருந்து...

"சொல்லுங்க ஐயா. அடுத்த பக்கம்."

வாயை மூடியிருந்த துணி அசையவில்லை.