துவக்கு வைச்ச யாகப்பர்

றெஜினோல்ட்: ...அதைத்தான் சொல்லுறன் மெற்றில்டா அக்கா. மெழுகுதிரியை நூத்துப்போட்டு எழும்புங்கோ.

மெற்றில்டா: இப்பத்தானே கொளுத்தினனான். பாதியாவது எரியட்டும்.

றெஜினோல்ட்: பார்க் கேற் திறந்து அஞ்சு நிமிசம் ஆகேல்லை. நான் திறப்பைப் பொக்கற்றில போட முதல் எப்பிடி இஞ்ச வந்தனீங்கள்?

மெற்றில்டா: உமக்குப் பின்னாலதான் வந்தனான் தம்பி. நீர் திரும்பிப் பாக்கேல்லை. கோயில்ல மரிச்ச ஆக்களின்ர பேர் எழுதேக்கையும் உப்பிடித்தான், குனிஞ்ச தலை நிமிர்றேல்லை.

றெஜினோல்ட்: நிமிர்ந்தால் சனம் கதைக்கத் தொடங்கிடும். பிறகு லைன் வாசல் வரைக்கும் போகும். இஞ்ச பாருங்கோ, கவுன்சிலால ஈமெயில் வந்திருக்கு. சிலைக்குக் கீழ மெழுகு ஊத்துறது ஆரெண்டு கேட்டு. திங்கக்கிழமை கமரா பூட்டுகினம்.

மெற்றில்டா: கமராவோ... பிடிச்சால் என்ன கேப்பினம்?

றெஜினோல்ட்: பேர், அட்ரஸ் கேப்பினம். இனிச் செய்யாதேங்கோ எண்டு ஒரு கடிதம் வரும்.

மெற்றில்டா: பழைய பைல் எல்லாம் எடுத்துப் பாப்பினமோ?

றெஜினோல்ட்: எந்தப் பைல்?

மெற்றில்டா: ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்.

றெஜினோல்ட்: அக்கா, இவர் ஆரெண்டு நினைச்சுக்கொண்டு கொளுத்துறியள்?

மெற்றில்டா: ஆரெண்டால்... யாகப்பர்தான்.

றெஜினோல்ட்: யாகப்பரோ.

மெற்றில்டா: குதிரை கிடக்கு. பெரிய தொப்பி கிடக்கு. எங்கட கிளாலிக் கோயில்லயும் யாகப்பர் குதிரையிலதானே இருக்கிறார்.

றெஜினோல்ட்: கிளாலியில கையில வாள். இவற்ற இடுப்பைப் பாருங்கோ. துவக்கு.

மெற்றில்டா: ஊருக்கு ஊர் மாறும்தானே. இவர் லண்டன் செவன் கிங்ஸ் யாகப்பர்.

றெஜினோல்ட்: வாயில சுருட்டும் கிடக்கு.

மெற்றில்டா: குளிர்தேசம் தம்பி.

றெஜினோல்ட்: பகிடி விடாதேங்கோ. இவன் பேர் ஏபல் ட்ரெஞ்ச். இந்த ரோட்டுக்கு அங்கால பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், கௌபோய் காலத்தில துவக்குச் சண்டையில பேரெடுத்தவன். ரோட்டு நடுவில ரெண்டு பேர் எதிரும் புதிருமா நிண்டு, ஆர் முதல்ல உருவுறதெண்டு பாக்கிறதெல்லே... அந்த ஆள். போன வருசம்தான் சிலை வைச்சவை.

மெற்றில்டா: ஏபல் எண்டால் ஆபேல். பைபிளில ஆபேல் நல்லவனெல்லே.

றெஜினோல்ட்: பைபிளில ஆபேல் செத்தவன். இவன் சாக்காட்டினவன்.

மெற்றில்டா: ம்... தேத்தண்ணி குடிக்கிறீரோ? பிளாஸ்கில கிடக்கு.

றெஜினோல்ட்: கதையை மாத்தாதேங்கோ... சீனி போட்டதோ?

மெற்றில்டா: போட்டது. உமக்குச் சீனி வருத்தமெண்டு உம்மட மனுசி சொன்னவ. அரைவாசிதான் ஊத்துறன்.

றெஜினோல்ட்: சரி, தாங்கோ.

மெற்றில்டா: இவ்வளவு நாளும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே. அடுத்த மாசம் வந்து பாத்தால் கல்லு கழுவித் துடைச்ச மாதிரிக் கிடக்கும். யாகப்பரே துப்புரவாக்கி வைக்கிறார் எண்டு நினைச்சன்.

றெஜினோல்ட்: யாகப்பர் இல்லை. இது.

மெற்றில்டா: என்னது... ஒயிஸ்டர் கார்ட்டோ?

றெஜினோல்ட்: பழைய பஸ் கார்ட். மெழுகு சுரண்ட இதுதான் நல்லது. கத்தி போட்டால் கல்லில கீறு விழும். ஏழு மாசமாச் சுரண்டுறன்.

மெற்றில்டா: ஏழு மாசமா... நானெண்டு தெரியுமோ உமக்கு?

றெஜினோல்ட்: முதல் மாசமே தெரியும். இது எங்கட கோயில் திரி. அடியில நீலக் கடதாசி சுத்தியிருக்கும்.

மெற்றில்டா: பிறகேன் கேக்கேல்லை?

றெஜினோல்ட்: ஏதோ நேர்த்திக்கடனாக்கும் எண்டு விட்டன். போன மாசம் நான் லீவு. சுப்பவைசர் கண்டிட்டான். இல்லாட்டி உங்களிட்டச் சொல்லியே இருக்க மாட்டன்.

மெற்றில்டா: நல்லா இருப்பீர் தம்பி.

றெஜினோல்ட்: நேர்த்தி எண்டாலும் எனக்கு ஒண்டு விளங்கேல்லை. யாகப்பர் திருநாள் ஜூலை இருபத்தஞ்சு. நீங்கோ கொளுத்துறது மாசாமாசம் பத்தொன்பது.

மெற்றில்டா: திகதியும் எண்ணிக்கொண்டிருந்தீரோ?

றெஜினோல்ட்: இண்டைக்கும் பத்தொன்பது.

மெற்றில்டா: கூடப்பிறந்ததுகள் இல்லாமல் வளந்தால் இப்பிடித்தான். மற்றாக்களின்ர காரியத்தை இருந்து நோண்டுறது. நீர் ஒத்தைப் பிள்ளையெல்லே.

றெஜினோல்ட்: ஓம்... ஒத்தைப் பிள்ளைதான். அதை விடுங்கோ.

மெற்றில்டா: எனக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாதெண்டு நினைச்சீரோ? பதினாலு வருசம் பள்ளிக்கூடக் கன்ரீனில நிண்டனான். சிலைக்குக் கீழ இருக்கிற அந்தத் தகடு முழுக்க எனக்குப் பாடம்.

றெஜினோல்ட்: அப்ப யாகப்பர் எண்டது?

மெற்றில்டா: ஆரும் கேட்டால் சொல்ல ஒரு சாட்டு. விசர்க் கிழவி எண்டு விட்டிடுவினம்தானே... பதினொரு பேரைச் சுட்டவன் எண்டு போட்டுக் கிடக்கு. அதுக்குக் கீழ என்ன கிடக்கு? வாசியும்.

றெஜினோல்ட்: இந்த ஊரின் மகன்.

மெற்றில்டா: ஓம். பதினொரு பேரைச் சுட்டவனை மகன் எண்டு தகட்டில எழுதி வைச்சிருக்கினம். ஒருத்தரும் வெக்கப்படேல்லை. முதல் நாள் வாசிச்சுப்போட்டு இந்த வாங்கிலதான் இருந்தனான்.

றெஜினோல்ட்: அப்ப திரி இவனுக்கில்லை.

மெற்றில்டா: இல்லை.

றெஜினோல்ட்: ஆருக்கு?

மெற்றில்டா: நவம்பருக்கு, மரிச்ச ஆக்களின்ர பேர் நீர்தானே எழுதுறீர். நான் ஆற்ற பேர் தாறனான்?

றெஜினோல்ட்: உங்கட அப்பா, அம்மா... உங்கட மனுசன் பிலிப் அண்ணை. மூண்டு பேர்.

மெற்றில்டா: மூண்டில்லை தம்பி. நாலு.

றெஜினோல்ட்: நாலாவது ஆர்?

மெற்றில்டா: மரினாவுக்கு மேல ஒரு பொடியன். றொஜன்.

றெஜினோல்ட்: உங்களுக்கு மகள் மரினா ஒண்டுதானே...

மெற்றில்டா: கேஸில அப்பிடித்தான் கிடக்கு.

றெஜினோல்ட்: கேஸிலயோ.

மெற்றில்டா: இஞ்ச அகதியா வந்து அசைலம் கேக்கேக்கை, கூட நிண்ட ஒருத்தர் சொன்னார். இயக்கத்தில இருந்த பிள்ளையைப் பற்றி வாய் திறவாதேங்கோ, திருப்பி அனுப்பிப் போடுவினம் எண்டு. அது உண்மையோ பொய்யோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது. அந்த ஒபிசர் பிள்ளை கேட்டா, எத்தினை பிள்ளையள்? நான் விரலைக் காட்டினன். ஒண்டு.

றெஜினோல்ட்: மரினாவைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். வேற என்ன செய்யிறது?

மெற்றில்டா: வேற வழியில்லைத்தான். ஆனால் சொன்னது என்ர வாய்தானே. கையெழுத்தும் என்ரதான்.

றெஜினோல்ட்: பத்தொன்பது... அவன்ர நினைவு நாளோ?

மெற்றில்டா: செத்த நாள் ஆருக்குத் தெரியும்? பிறந்த நாள். அது ஒண்டுதான் எனக்குச் சரியாத் தெரியும்.

றெஜினோல்ட்: எத்தினை வயசு?

மெற்றில்டா: பதினேழு. தானாப் போகேல்லை, இயக்கம் கொண்டு போனது. அவன் ஆரையும் சுட்டானோ எண்டும் தெரியாது தம்பி. வீட்டில கோழி உரிச்சாலே கிணத்தடிக்குப் போயிடுவான்.

றெஜினோல்ட்: கோயில்ல அவன்ர பேர் தந்திருக்கலாமே அக்கா.

மெற்றில்டா: தந்தால் பூசையில சுவாமி மைக்கில வாசிப்பார். ஆர் அந்த றொஜன் எண்டு சனம் கேக்கும். ஒரு வாய் ஒன்பது வாயாகும். மரினாவின்ர பாஸ்போட்டும் அந்தக் கேஸாலதானே வந்தது. அவளுக்கு ஒண்டு வந்தால்... இஞ்ச எண்டால் ஒருத்தரும் கேக்க மாட்டினம். துவக்குக்காரனுக்கு முன்னால ஒரு துவக்குக்காரன்ர தாய். அவ்வளவுதான்.

றெஜினோல்ட்: இப்ப விளங்குது அக்கா.

மெற்றில்டா: இனி இதுவும் இல்லை. சரி விடும். நூக்கிறன். உமக்கு வேலையில கரைச்சல் வரப்படாது.

றெஜினோல்ட்: நூக்காதேங்கோ.

மெற்றில்டா: கமரா?

றெஜினோல்ட்: திங்கக்கிழமைதானே. இண்டைக்கு வெள்ளி. முழுக்க எரியட்டும். நான் நிண்டு சுரண்டிப்போட்டுப் போறன்.

மெற்றில்டா: அடுத்த பத்தொன்பதுக்கு நான் எங்க போறது, தம்பி?

றெஜினோல்ட்: கோயிலுக்கு வாங்கோ. அடுத்த மாசம் நவம்பர்தானே. அந்தப் பேர்ப் புத்தகம் எழுதுறது நான்தானே. முன் பக்கங்களில இருக்கிறதைத்தான் சுவாமி வாசிப்பார். கடைசித் தாளின்ர பின் பக்கத்தை அவர் பிரட்டுறேல்லை. ஆனால் புத்தகம் நவம்பர் முழுக்கப் பீடத்திலதான் கிடக்கும். பூசை எல்லாருக்கும் ஒண்டுதான்.

மெற்றில்டா: பின் பக்கத்திலயோ...

றெஜினோல்ட்: ஒருத்தருக்கும் தெரியாது. றொஜன் எண்டு என்ர கையால எழுதிவிடுறன்.

மெற்றில்டா: அங்க ஆரும் இருக்க மாட்டினமே. என்ர பிள்ளை இருட்டுக்குப் பயம். தனியக் கிடப்பானே தம்பி.

றெஜினோல்ட்: தனிய இல்லை அக்கா... பன்ரண்டு வருசமா நான் அந்தப் பக்கத்தில ஒரு பேர் எழுதிக்கொண்டு வாறன். யூட். என்ர தம்பி. ஒத்தைப் பிள்ளை எண்டது, என்ர கேஸில.