சிவப்பரிசியைத் தள்ளிய மெஷின்

"முதலாளிர அரிசி முழுக்கக் குப்பை எண்டு சொல்லிட்டுகா அந்தப் புது மெஷின்!"

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். அரிசி ஆலையில் கல்லும் கறுப்பு அரிசியும் பொறுக்குகிறவர்களாம். சொன்னவள் இளையவள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நேத்து நான் வரல்லயே. வடிவாச் சொல்லு புள்ள," என்றாள் மூத்தவள்.

"கெமராவால பார்த்து, கூடாத அரிசியத் தட்டி விடுற மெஷினாம். முதலாளி துஆ ஓதி, எல்லாருக்கும் தின்ன வட்டிலப்பம் குடுத்து, அவர்ர வீட்டுச் சிவப்பரிசிய பிஸ்மி சொல்லிக் கொட்டினார். மெஷின வெள்ளை அரிசிக்கு செட் பண்ணி இருக்கு, ராத்தா! சிவப்பு முழுக்கக் கழிவுச் சாக்குக்குள்ள. நல்ல சாக்குக்குள்ள, அதுல கலந்து கிடந்த ஒரு கைப்பிடி வெள்ளை அரிசி மட்டும்!"

"அல்லாஹ்வே! பொறகு?"

"மெஷினப் பூட்டிக் குடுத்த சீனாக்காரனுக்கு வீடியோ கோல் எடுத்தாங்க. அவன்ட கதை ஒருத்தருக்கும் விளங்கல்ல. நான் ரெண்டு கையிலயும் நல்ல அரிசியும் கூடாத அரிசியும் வெச்சுக் காட்டினன். அவன் சிவப்பரிசிக்கு ஒரு பட்டன், வெள்ளைக்கு ஒரு பட்டன் காட்டினான். சிவப்ப அமத்தினன், சரியாப் போச்சு."

மூத்தவளின் சிரிப்பு நின்றது. "அப்ப உன்னத்தான் வெச்சுக்குவார்."

"ஓம், மெஷினுக்கு ஒராள் காணுமாம், மத்தாக்கள் வேணாமாம்."

நிந்தவூரில் பஸ் நின்றது. இறங்க எழும்பியபோது இளையவள் மூத்தவளின் கையைப் பிடித்தாள்.

"முதலாளி கேட்டா, சிவப்புப் பட்டன் எனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளைப் பட்டன் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சரியா, ராத்தா?"