புதன்கிழமை எங்கள் முறை

1974-ம் வருடம் செப்டம்பர் மாதம் 18-ம் தேதி, சப்-இன்ஸ்பெக்டர் குப்புசாமி அவர்கள் விசாரிக்க நான் சொல்வதாவது:

என் பெயர் தேவகி. வயது 34. தகப்பனார் பெயர் ஆதிகேசவன். சொந்த ஊர் முசரவாக்கம். தற்சமயம் சின்ன காஞ்சிபுரத்தில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, பெண்கள் கல்லூரியில் பௌதிக விரிவுரையாளராக வேலை பார்த்து வருகிறேன்.

ஆண்கள் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் அர்ஜுனன் என்பவரை, பட்டணத்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்து படித்த காலம் முதல் எனக்குத் தெரியும். போன வருடம் அவர் என்னிடம் வந்து, ஆராய்ச்சிக்கும் பாடம் நடத்தவும் கம்ப்யூட்டர் வாங்க சர்க்கார் உதவி உண்டு என்றும், இரண்டு கல்லூரிகள் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும் என்றும் சொன்னார். எங்கள் கல்லூரிக்கு சர்க்கார் புது லேபரட்டரி கட்டித் தருவதாக இருந்தது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்பதால், லேபரட்டரி வேண்டாம் என்று எங்கள் பிரின்சிபால் காமாட்சியம்மாளை நான்தான் மன்றாடி ஒப்புக்கொள்ள வைத்தேன். மாணவிகள் இன்னமும் மழைக்கு ஒழுகும் பழைய ஷெட்டில்தான் சோதனைகள் செய்து வருகிறார்கள்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் வந்து, ஆண்கள் கல்லூரியில் ஏ.சி. அறை கட்டி வைக்கப்பட்டது. புதன்கிழமைதோறும் எங்கள் முறை என்று பேச்சு. அதன் பிறகு மெஷின் ரிப்பேர் என்றும், ஏ.சி. சரியில்லை என்றும் அர்ஜுனன் வாராவாரம் சொல்லி அனுப்பினார். நான் நம்பினேன். மாணவிகள் மெஷினைக் கண்ணால் பார்க்காமலே கரும்பலகையில் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்து, புரோகிராம்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

இன்று புதன்கிழமை. காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் மாணவிகளை அழைத்துக்கொண்டு நடந்தே அங்கு சென்றேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அர்ஜுனன் வாசலை மறித்து நின்று, "பொண்ணுங்க இங்க வந்து போறது சரிப்படாதுன்னு எங்க காலேஜ் கமிட்டியில முடிவாயிடுச்சு தேவகி" என்றார். அப்படி யார் கேட்டது என்று கேட்டேன். ஆபரேட்டர் சிட்டிபாபு உள்ளிருந்தபடியே, "சார்தான் கேட்டாரும்மா. புதன்கிழமைன்னா அவரு ஆராய்ச்சிதான் ஓடிக்கினு இருக்குது" என்றார். உடனே அர்ஜுனன் கதவை வேகமாகச் சாத்தியதில் காந்தா என்ற மாணவியின் விரல் நசுங்கி ரத்தம் வந்தது. அவள் புரோகிராம் எழுதிய தாளை ரத்தம் படாதபடி மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு நான் வராந்தாவில் இருந்த மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மெஷின் நின்றது. வேறு எதையும் தொடவில்லை, உடைக்கவில்லை.

அதன் பிறகு அர்ஜுனன் கொடுத்த புகாரின் பேரில் ஸ்டேஷனுக்கு அழைத்து வரப்பட்டேன். தங்கள் எதிரிலேயே அவர், "கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன். நீ மட்டும் வந்து உன் வேலைய பாத்துக்கினு போயிருந்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்? அந்தப் பொண்ணுங்கள ஏன் இட்டுக்கினு வந்த?" என்றார். லேபரட்டரியை நான் எனக்காகத்தான் விட்டுக்கொடுத்தேன் என்று இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "வாபஸ் வாங்க வேணாம். புதன்கிழமை யாரோட முறைன்னு கோர்ட்டுல வந்து சொல்லுங்க" என்றேன். அவர் வெளியே போய்விட்டார். ஃபியூஸ் கட்டைகளைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன். அவர் கையில் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுவே.

(ஒப்பம்) ஆ. தேவகி